கான்கிரீட்டை நிறுத்திய அண்ணி

என் அண்ணிக்குக் கட்டட வேலையிடத்தில் சிலேட்டம்மா என்று பெயர். கையில் எப்போதும் டேப்லெட் இருப்பதால் கம்பி கட்டுபவர்கள் வைத்த பெயர் அது. கட்டடத்தின் வரைபடம் மாறும்போதெல்லாம் பழையதை நீக்கி, புதியதை எல்லோருடைய டேப்லெட்டுக்கும் அனுப்புவதுதான் அண்ணியின் உத்தியோகம். வீட்டிலும் அதே குணம். காலாவதியான மாத்திரை அட்டை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. தன்னையும் தேதி பார்த்துத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பார் அண்ணன்.

அண்ணி அந்த வேலையில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்று காலை மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. கம்பிகளின் மேல் போட்டிருந்த பலகையில் நடந்து கடைசியாக ஒருமுறை சரிபார்த்த அண்ணி, கழிவறைக் குழாய் இறங்கத் தளத்தில் ஓட்டை விடுவதற்காக வைத்திருந்த மரப்பெட்டியருகே நின்றார். பெட்டி தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தது. டேப்லெட்டில் அந்தப் பக்கம்.

பிளம்பரைக் கேட்டார். அவர் தயங்காமல் தன் செல்போனைக் காட்டினார். அதில் வரைபடத்தின் போட்டோ. டேப்லெட்டில் படம் திறக்க நேரமாகிறது என்று யாரோ திரையை போட்டோ பிடித்து வாட்ஸப்பில் போட, எல்லோரும் அதையே பார்த்து வேலை செய்திருக்கிறார்கள். டேப்லெட்டில் இருக்கும் படம் மாறும்; போட்டோ மாறுமா?

மேஸ்திரியிடம் நிறுத்தச் சொன்னார் அண்ணி. மேஸ்திரி கேட்கிற ஆள் இல்லை. கான்கிரீட் லாரியிலேயே இறுகினால் பழி அண்ணி தலையில்தான் விழும், நாளைக்கு வேலைக்கே வர வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டு, கான்கிரீட்டை மேலே ஏற்றும் பம்ப்காரருக்குக் கை காட்டினார்.

அண்ணி போய்ப் பம்ப் குழாயின் வாய்க்கு நேராக நின்றார்.

"முதல்ல என் மேல ஊத்துங்கண்ணே. அப்புறம் தளத்துல ஊத்தலாம்."

பம்ப்காரர் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். டேப்லெட்டில் பழைய படத்தின் மேல் புதியதை வைத்து மேஸ்திரியிடம் நீட்டினார் அண்ணி. சிவப்புக் கோடு பழையது, நீலம் புதியது. மேஸ்திரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நாம வச்ச பெட்டி வழியா குழாய் எங்கம்மா இறங்கும்?"

"கீழ்வீட்டுல கட்டில் போடுற இடத்துல."

முதலில் சிரித்தவர் பிளம்பர்தான். "குடை பிடிச்சுக்கிட்டுதான் படுக்கணும்" என்று முணுமுணுத்தபடி மேஸ்திரி கம்பி ஆட்களைக் கூப்பிட்டார்.

பெட்டி தூணுக்கு அந்தப் பக்கம் போனது. பழைய இடத்தில் கம்பி பின்னினார்கள். அதற்குள் அண்ணி ஒவ்வொரு செல்போனாக வாங்கி அந்த போட்டோவை அழித்தார். கடைசியாக மேஸ்திரியும் தன் போனை நீட்டினார். அவரிடமும் அது இருந்தது. கான்கிரீட் இறுகும் முன்பே தளம் நிறைந்தது.

அண்ணியின் வேலையும் நிரந்தரமானது. அடுத்த தளத்துக்கு லாரி வந்த காலையில் அண்ணி இன்னும் பேருந்தில் இருந்தார். மேஸ்திரியே போனில் கூப்பிட்டு, அவர் வந்து பார்த்த பிறகுதான் ஊற்றப்போவதாகச் சொன்னார்.

"வந்துக்கிட்டே இருக்கேண்ணே, நிறுத்தி வைங்க" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம் அண்ணி.