வஞ்சூர்ச் சாவடியில் இறங்கி நின்றவர்

அரசலாறு கடலுக்குப் போக வழி தெரியாமல் காரைக்கால் பாலத்தடியில் திகைத்து நின்றபோது, "இப்படிக் கிழக்கே போ" என்று கைகாட்டி அனுப்பியவர் என் கொழுந்தனார் மருதையன்தான். இதில் கொஞ்சம் கூட்டல் இருக்கிறது. ஆறு அவருக்கு முன்பே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பதுகளில் எங்கள் ஊரில் சைக்கிள் மிதித்த யாரைக் கேட்டாலும், ஆற்றங்கரை ஒற்றையடிப் பாதைகள் அவர் டயர் பட்டுத்தான் அகலமாயின என்று சொல்லியிருப்பார்கள். அதில் கூட்டல் இல்லை. இருந்தாலும் சொற்பம்.

அவர் பிழைப்புக்குச் செய்த வேலை வேறு. அரிசி ஆலைக்கு வரும் நெல்லைப் பல்லில் கடித்து, காய்ந்ததா ஈரமா என்று சொல்லவேண்டும். வாரமெல்லாம் நெல்லைக் கடிப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளைத் துடைப்பார். பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சைக்கிள் அது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து என் மாமனார் செல்லக்கண்ணு வாங்கிப் போட்டிருந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரே சைக்கிள். மூத்தவர் சுவாமிநாதன், என் வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார். ஓட்டத் தெரியும், ஆனாலும் குடை பிடித்து நடந்தே பள்ளிக்கூடம் போகிறவர். அதனால் சைக்கிள் இளையவர் கையிலேயே தங்கிவிட்டது.

மருதையன் தம் பாதைகளுக்குப் பெயர் வைத்திருந்தார். ஆற்றோடு மேற்கே போய்த் திருநள்ளாற்றில் குளித்துத் திரும்புவது சனிச் சுற்று. இன்னும் உள்ளே அம்பகரத்தூர் வரை போய் நெடுங்காடு வழியாக வருவது காளிச் சுற்று. கோட்டுச்சேரி, பூவம் தாண்டித் தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்து வருவது கடல் சுற்று. திருமலைராயன்பட்டினம் போய், பட்டினச்சேரிக் கரையில் மீன் இறங்குவதைப் பார்த்துவிட்டுச் சட்டையெல்லாம் வாடையோடு வருவது மீன் சுற்று. இளவட்டங்கள் நாலைந்து பேர் அவர் பின்னால் மணியடித்துக்கொண்டு போவார்கள். எந்தப் புளியமரத்தடியில் நிற்கலாம், எந்த வாய்க்கால் பலகையில் இறங்கித் தள்ளவேண்டும் என்று அவர் சொல்வதுதான் சட்டம்.

இதெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை கேரியர். அந்தக் கேரியரில் அவர் மனைவி, என் ஓரகத்தி காசியம்மா, ராணி மாதிரி உட்கார்ந்து போவாள்.

நான் கான்வென்ட்டில் பிரெஞ்சு படித்தவள். பாரிஸ் பட்டணத்து ஆறு எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அரசலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். காசியம்மாவுக்குத் தன் பெயரை எழுதவே மூச்சு வாங்கும். அவள் பொழுது சாய வந்து நின்று, "அக்கா, இன்னைக்கி பட்டினச்சேரியில சுறா ஒண்ணு பாத்தேன், நம்ம அம்மி கணக்கா தலை" என்பாள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன். ஊதியிருக்கவே வேண்டாம், என் வயிற்றைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோயிருந்தால் அதுவே பற்றிக்கொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வீட்டுல மூத்த புள்ளை யாரு?"

"இதுல என்ன சந்தேகம்? நான்தான்."

"கேரியர்ல போறது யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கமலாம்பா, எந்தப் பக்கம் போனாலும் ஒரு சாவடி வருது. அன்னைக்கி என் குடைய விரிச்சு கம்பி கம்பியா தடவிப் பாத்தானுவ. என்கிட்ட படிக்கிற பசங்க நின்னு வேடிக்கை பாக்குதுங்க. அதுக்கப்புறம் அந்தத் திசைக்கே நான் கும்பிடு போட்டாச்சு."

சாவடி என்று அவர் சொன்னது சுங்கச்சாவடியை. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. சுற்றியுள்ள ஊரெல்லாம் இந்தியா. எங்கள் பக்கத்துக் கைக்கடிகாரமும் சென்ட்டும் கள்ளத்தனமாக அந்தப் பக்கம் போகாமல் பார்க்க, எல்லைக்கு எல்லை மூங்கில் தடுப்பு. சைக்கிளில் வருகிறவர் இறங்கவேண்டும். பையைத் தரையில் வைத்துத் திறக்கவேண்டும். கைப்பிடி ரப்பரை உருவிக் குழாயைக் காட்டவேண்டும். தெற்கே நாகூருக்குப் போகிற வழியில் இருந்த வஞ்சூர்ச் சாவடி எல்லாவற்றிலும் மோசம். அங்கே இருந்த அதிகாரி டீயைக் குடித்து முடிக்காமல் வெளியே வரமாட்டார். "ஐயா" என்று யாராவது கூப்பிட்டுவிட்டால் கோபம் வந்து டியூபையே கழற்றச் சொல்வார். மருதையனும் கூட்டாளிகளும் வருஷக்கணக்காக அங்கே வாய் திறக்காமல் வரிசையில் நின்று பழகியிருந்தார்கள்.

ஐம்பத்து நாலு நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. தடுப்புகளைத் தூக்கிவிட்டார்கள். ஊரே மிட்டாய் தின்றது. நான் என் மிட்டாயை வாயில் போடுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். "இனிமே குடைய எவன் தடவுவான்? சைக்கிளைக் கேளுங்க."

நான் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. கூடத்தில் படுத்திருந்த மாமனார் எழுந்து வந்துவிட்டார்.

"சின்னவன் ஓட்டுறான், பெரியவ பொகையுறா. நாளைக்கி என் காலத்துக்கப்புறம் சைக்கிள ரெண்டா அறுப்பீங்க போலருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் நாகூருக்கு மிதிங்க. தர்கா வாசல்ல எவன் மொதல்ல கால வைக்கிறானோ அவன்கிட்ட சாவி. தோத்தவன் அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது. இப்பதான் சாவடி கீவடி ஒண்ணும் இல்லையே, நேரா போவலாம்."

மருதையன் சிரித்தார். "அண்ணனுக்கே வீட்டு சைக்கிளைக் குடுத்துடுங்கப்பா. நான் வாடகை சைக்கிள்ல வர்றேன்."

அந்தச் சிரிப்பு எனக்கு மேலும் எரிந்தது. திருமலைராயன்பட்டினத்து ஜவுளிக்கடைக்காரர் மகன் ஹமீதை நடுவராக வைத்தார்கள். மருதையனோடு எல்லாச் சுற்றும் போய்வந்த கூட்டாளி அவர்; சொந்தச் சைக்கிள் வைத்திருந்தார். சனிக்கிழமை என் வீட்டுக்காரர் முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டு, சனீஸ்வரனுக்கு ஓர் எள் விளக்கு நேர்ந்துகொண்டேன். அந்த வாரம் யாரைப் பிடிக்கலாம் என்று அவருக்குப் பெயர், நட்சத்திரத்தோடு சொல்லியும் வைத்தேன்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. அரசலாறு செம்மண் நிறத்தில் பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு போனது. மருதையன் கிளம்பியதுதான் தெரியும், பாலம் தாண்டி ஆள் இல்லை. ஹமீது அவர் பின்னால். என் வீட்டுக்காரர் குடையைக் கைப்பிடியில் மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, எதிரே வந்த மாட்டுக்கெல்லாம் மணியடித்து வழிவிட்டு, மெல்லப் போனார்.

அப்புறம் நடந்ததை ஹமீது சொல்லித்தான் கேட்டோம். திருமலைராயன்பட்டினம் தாண்டியபோது மருதையன் ஒரு பாட்டையே விசிலடித்து முடித்துவிட்டாராம். நாகூர் தர்காவின் மனாராக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. வஞ்சூர் வந்தது. மருதையன் பிரேக்கைப் பிடித்தார். இறங்கினார். பையைத் தரையில் வைத்துத் திறந்தார். கைப்பிடி ரப்பரை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, சாவடியைப் பார்த்து நின்றார். பின்னால் வந்த ஹமீது என்ன செய்தார்? அவரும் இறங்கினார், பையைத் திறந்தார், வரிசையில் இரண்டாவதாக நின்றார்.

"இன்னும் டீ குடிக்கிறாரு போல" என்றார் மருதையன், மெதுவாக.

"பேசாம நில்லுங்கண்ணே. டியூப கழட்டச் சொல்லிடப் போறாரு" என்றார் ஹமீது, அதைவிட மெதுவாக.

நெடுநேரம் நின்றிருக்கிறார்கள். பின்னால் மணிச்சத்தம். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி மிதித்து வந்து, இவர்களைத் தாண்டி, சாவடியையும் தாண்டிப் போனார். மருதையன் கத்தினார்.

"அண்ணே! எறங்குங்கண்ணே! சாவடி! புடிச்சிடுவானுவ!"

சாவடி என்ற சொல் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிதித்தார் பாருங்கள், அந்த வேகத்தை அவர் அதற்கு முன்னும் காட்டியதில்லை, பின்னும் காட்டியதில்லை.

அப்புறம் சாவடிக்குள்ளிருந்து அதிகாரி வரவில்லை. ஓர் ஆடு வந்தது. இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திறந்து கிடந்த பையிலிருந்து காசியம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது ஞாபகம் வந்தது. ரப்பரை மாட்டிக்கொண்டு விரட்டிப் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் தர்கா வாசலில் ஒரு காலை வைத்து, மற்றக் காலைத் தூக்க முடியாமல் நின்றாராம்.

சாவி எங்கள் பக்கம் வந்தது. அடுத்த ஞாயிறு விடிந்ததும் மருதையன் துடைக்க ஒன்றுமில்லாமல் கிணற்று உருளைக்கு எண்ணெய் விட்டார். பிறகு கதவுக் கீலுக்கு. பிறகு என் தையல் மிஷினுக்கு. "விடுங்க தம்பி, அது நல்லாத்தான் ஓடுது" என்றேன். "சும்மா இருக்கட்டும் அண்ணி" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே என்னவோ செய்தது. ஆனால் நான் கருநீலப் பட்டுக் கட்டி, கனகாம்பரம் வைத்து, கேரியருக்குத் தயாராக நின்றேன். இளகுவதற்கு அது நேரமா?

"மொதல்ல நான் தனியா போயி வழி பாத்துட்டு வந்துடுறேன்" என்றார் என் வீட்டுக்காரர். கோட்டுச்சேரிக்கு என்று கிளம்பியவர் நேராகப் போய் இறங்கிய இடம் அவர் பள்ளிக்கூடம். பூட்டிக் கிடந்த கதவைப் பார்த்துத் திரும்பி வந்தார். மறுபடி கிளம்பி நிரவியில் யார் வீட்டுக் கொல்லைக்குள்ளோ போய் முட்டினார். மூன்றாம் முறை கிளம்பாமல் தம்பியைக் கூப்பிட்டார்.

"மருதையா, சாவி என்கிட்டயே இருக்கட்டும். நீ மிதி. நான் பின்னால உக்காந்து பாதைய பழகிக்கிறேன்."

மருதையன் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

பாதை பழகப் பல வருஷம் ஆயிற்று. மருதையன் முழங்கால் மறுக்கிற வரைக்கும் ஞாயிறு தோறும் அவர் மிதிக்க, வாத்தியார் பின்னால் குடை விரித்து உட்கார, சனிச் சுற்றும் கடல் சுற்றும் நடந்தன. சாவடி இருந்த இடங்களில் மருதையன் கடைசிவரை பிரேக்கைத் தொடாமல் போனதில்லையாம். பொழுது சாய என் வீட்டுக்காரர் வந்து, "கமலாம்பா, பட்டினச்சேரியில திருக்கை ஒண்ணு பாத்தேன்" என்று தொடங்குவார். ஓரகத்திமேல் பொறாமைப்பட்டாலாவது உலகம் ஒத்துக்கொள்ளும். தாலி கட்டியவன்மேல், அதுவும் ஒரு கேரியருக்காக, வயிறெரிந்தவள் காவிரிக்கு இந்தப் புறம் நான் ஒருத்திதான். இல்லை, இரண்டு பேர். நானும் காசியம்மாவும் தோளோடு தோள் வாசலில் நின்று, அந்தக் குடை தெருமுனை திரும்புகிறவரை பார்த்து எரிந்துகொண்டிருப்போம்.

இதுவரை எழுதியதைக் காசியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் சரிதான்க்கா. ரெண்டு பேரும் எரிஞ்சோம்னு போட்டிருக்கீங்களே, அதுல ஒரு ஆள அடிச்சிடுங்க. அந்தக் கேரியர் கம்பி உங்களுக்கென்ன தெரியும்? தரங்கம்பாடி போயிட்டு வந்தா மறுநாள் ஒருக்களிச்சுத்தான் படுப்பேன். வரலேன்னு சொன்னா மனுசன் மொகம் சுண்டிப் போவும்னு ஏறிக் குந்துனேன். பெரியத்தான் ஏறுன அன்னைக்கித்தான் எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு வந்துச்சு. வாசல்ல நீங்க பொகைஞ்சுக்கிட்டு நின்னீங்க. நான், அவங்க நெசமாவே போயிட்டாங்களான்னு பாத்துட்டுப் படுக்கலாம்னு நின்னேன்."