யார் கொடுத்த சிறுநீரகம்

மல்லிகாவின் மெட்டி இறுக ஆரம்பித்ததுதான் முதல் அறிகுறி. காலையில் சரியாக இருக்கும், மாலைக்குள் விரலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்றாள், நானும் நம்பினேன். முகம் வீங்கி, சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளிய பிறகுதான் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தங்கிவிடும் கழிவு) எக்கச்சக்கமாக இருந்தது. மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன. இனி டயாலிசிஸ் (கருவி வழியாக இரத்தத்தைச் சுத்தம் செய்வது), இல்லையென்றால் மாற்றுச் சிறுநீரகம். பல வருடங்களாக யாரும் அளந்து பார்க்காத இரத்த அழுத்தம்தான் காரணம். வீட்டுக்கு வந்து விசாரித்தவர்களுக்கு அந்தக் காரணம் போதவில்லை. அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஏன் என் முகத்தைப் பார்த்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் தொழில். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எனக்கும் சாமி, பூதம் எதுவும் கிடையாது. எங்கள் கல்யாணம் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் நடந்தது. மேடையில் வாயைத் திறக்காமல் மாலை மாற்றிக்கொண்ட மல்லிகா, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தன் அக்கா வசந்தாவுடன் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றோடு திரும்பி வந்தாள். மேடையில் நடந்தது உங்கள் கல்யாணம், இது என் கல்யாணம் என்றாள். அதன் பிறகு அவள் கும்பிட்டாள், நான் கிண்டலடித்தேன். அப்படியே எங்கள் குடும்பம் நன்றாகத்தான் ஓடியது.

டயாலிசிஸ் நாட்களில் என்னைவிட அவள்தான் தெளிவாக இருந்தாள். தலையணைக்கு அடியில் குங்குமப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, அம்மா பார்த்துக்கொள்வாள் என்று கண்ணை மூடிவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கருவியில் ஓடும் எண்களை முறைத்துக்கொண்டிருப்பேன். அந்த நிம்மதி எனக்கு இல்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பார்க்க வந்தவர்களும் அவளிடம், உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். என்னிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், இந்த வருடம் மேட்டூர் அணை நேரத்துக்குத் திறப்பார்களா என்று கேட்டார்கள். நாத்திகனுக்கு ஆறுதல் சொல்ல ஊரில் யாருக்கும் வார்த்தை கிடையாது.

வசந்தாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் அவரால் கொடுக்க முடியாது. எங்கள் மகன் முன்வந்தான், நான் விடவில்லை. என் இரத்த வகை பொருந்தியது. திருச்சி மருத்துவமனையில் மருத்துவர் என்னைத் தனியாக உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வாழ்க்கையில் யாருக்கும் பயப்படாமல், எதையும் எதிர்பார்க்காமல் நானாக முடிவெடுத்துச் செய்த காரியம் அது ஒன்றுதான். உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாங்குகிறவரைவிடக் கொடுப்பவருக்குத்தான் வலி அதிகம். வாங்கியவர் சீக்கிரமே எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பார். நீங்கள் இடது விலாவில் தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருமவும் பயந்து கிடப்பீர்கள். என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அவளைப் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். முகத்தில் வீக்கம் வடிந்து, கல்யாணத்தில் பார்த்த மல்லிகா மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆத்தா காப்பாத்திட்டாங்க" என்றாள்.

குடுத்தது நான் என்றேன்.

"அவதான் உங்க மனசுல பூந்து குடுக்க வச்சா. இல்லாட்டி நீங்களாவது, குடுக்கறதாவது."

சாமியே இல்லை என்பவன் மனசுக்குள் சாமி எந்த வழியாக நுழைந்தது என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், தையல் இழுத்தது. ஆனால் சுருக்கென்று தைத்தது என்னவோ உண்மை. நானாகச் செய்த ஒரே காரியத்தையும் அவள் பிடுங்கி அம்மன் கணக்கில் போட்டுவிட்டாள்.

நேர்த்திக்கடனுக்காக உருவம் வாங்கக் கோயில் கடைக்குப் போனாள். கண், கை, கால் எல்லாம் தகட்டில் செய்து வைத்திருந்தார்கள். சிறுநீரகம் மட்டும் இல்லை. கடைசியில் வயிற்று உருவத்தை வாங்கிப் போட்டுவிட்டு வந்தாள். உன் நன்றி குடலுக்குத்தான் போய்ச் சேரும் என்று கேலி செய்தேன். அவளுக்கும் சிரிப்புத்தான்.

இரண்டு வருடங்கள் நன்றாக இருந்தாள். வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டாள், கூட்டத்துக்குள் போகாதே என்றால் கோயில் வாசலில் நின்றே கும்பிட்டாள். நான் கொடுத்தேன், அம்மன் கொடுக்க வைத்தாள் என்ற சண்டை மட்டும் சாப்பாட்டுக்கு ஊறுகாய் போல ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. அடுத்ததில் இன்னும் ஏறியது. பயாப்சியில் (ஊசியால் துளி சதை எடுத்துச் செய்யும் சோதனை), அவள் உடம்பு என் சிறுநீரகத்தை அந்நியப் பொருளென்று கண்டுகொண்டு தாக்குவது தெரிந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் இப்படி ஆகலாம் என்றார் மருத்துவர். யார் தவறும் இல்லை என்றார்.

யார் தவறும் இல்லாத ஒன்றை எங்கள் சொந்தக்காரர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மருத்துவமனை நடையில் வைத்து வசந்தாதான் சொன்னார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. சாமி இல்லங்கிறவரோட கிட்னி, சாமி கும்புடுறவ உடம்புல எப்படி ஒட்டும்?" சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஓடிய வரைக்கும் அது அம்மன் கொடுத்தது. நின்றுபோனதும் என்னுடையதாகிவிட்டது.

மல்லிகா அப்படிச் சொல்லவில்லை. அவள் தன்னையே குடைந்துகொண்டாள். எதில் குறை வைத்தேன், எந்த ஞாயிற்றுக்கிழமை போகாமல் விட்டேன் என்று யோசித்துக்கொண்டே கிடப்பாள். ஒரு நாள், கிட்னிக்குப் பதிலாக வயிற்றைப் போட்டேனே, அதுதான் குற்றமாகிவிட்டதோ என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல நாளில் அவளைத் தாங்கிய அதே நம்பிக்கை இப்போது அவளைப் போலீஸ்காரன் மாதிரி விசாரித்தது. உடம்பு ஒரு பக்கம் அடித்தது, இது இன்னொரு பக்கம் அடித்தது.

நிராகரிப்பை அடக்கக் கொடுத்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க, நுரையீரலில் கிருமி பிடித்துக்கொண்டது. முகமூடி வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. வசந்தா அம்மன் படத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்து, மல்லிகா பார்க்கும்படி ஒரே ஒரு தடவை கும்பிடச் சொல்லி என்னைக் கெஞ்சினார். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தவனுக்கு இரண்டு கையைக் கூப்புவது என்ன கஷ்டம்? கூப்பினேன்.

மல்லிகா என்னையே பார்த்தாள். முகமூடியை விலக்கி, "கைய எறக்குங்க, உங்களுக்கு அது பொருந்தல" என்றாள். வசந்தாவை டீ வாங்கிவர அனுப்பினாள். பிறகு நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"நீங்க குடுத்ததுதான். எனக்குத் தெரியாதா? உங்களுக்குப் போயி நன்றி சொல்லிட்டா, அப்புறம் உங்ககூட எப்படிங்க சண்ட போடுறது? கொழம்புல உப்பு இல்லன்னு சொன்னீங்கன்னா பதில் பேச முடியுமா? காலம்பூரா உங்களுக்குப் பயந்துக்கிட்டுல்ல இருக்கணும். ஆத்தாகிட்டன்னா எவ்வளவு வேணா கடன்பட்டுக்கலாம்."

இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லியிருந்தால் சண்டை நின்றுபோயிருக்கும் என்றாள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் வசந்தா கோயிலுக்குப் போய், உனக்குக் கண் இல்லையா, நீயெல்லாம் ஒரு தாயா என்று அம்மனை வாயில் வந்தபடி திட்டிவிட்டு வந்து, பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். என் பக்கத்து நண்பர்கள் கறுப்புச் சட்டையில் வந்து, இயற்கையின் விதி, துணிவோடு இருங்கள் என்றார்கள். இயற்கையை எந்த வாசலில் நின்று திட்டுவது? நம்புகிறவனுக்கு நிம்மதியா, நம்பாதவனுக்கு நிம்மதியா என்று பட்டிமன்றம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வாங்கிக்கொண்ட பொருளுக்கு நன்றி சொல்லவும், பறிபோனதற்குத் திட்டவும் அக்கா தங்கை இருவருக்கும் ஓர் ஆள் இருந்தது. எனக்கு மல்லிகா மட்டும்தான் இருந்தாள்.

இப்போது என் உடம்பை நான் முழு உடம்பாக நினைப்பதில்லை. சுடுகாட்டில் அவளோடு என் சிறுநீரகமும் எரிந்தது. அதற்கும் சேர்த்துத்தான் வாய்க்கரிசி போட்டார்கள், ஐயர் மந்திரம் சொன்னார், மகன் காவிரியில் சாம்பலைக் கரைத்தான். எனக்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்த சடங்கெல்லாம் என்னில் ஒரு பங்குக்கு முறைப்படி நடந்துவிட்டது. சாவு இனிமேல் வரப்போகிறது என்று எனக்குத் தோன்றுவதில்லை. பாதி வேலையை முடித்துவிட்டு மீதிக்கு எப்போது வரலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் எடுத்த மருத்துவர், மிச்சமிருக்கும் சிறுநீரகம் பெரிதாகி இரண்டின் வேலையையும் பார்க்கிறது, நீண்ட நாள் இருப்பீர்கள் என்று வாழ்த்தினார். அதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

என் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லி மகனிடம் சொல்லியிருக்கிறேன். படிக்கிற பிள்ளைகள் அறுத்துப் பார்த்து, இடது பக்கம் காலியாக இருக்கிறதே என்பார்கள். இவர் யாருக்கோ கொடுத்திருக்கிறார் என்று ஆசிரியர் சொல்வார். அம்மன் பேரை இழுக்காமல், கொடுத்திருக்கிறார் என்றே சொல்வார். மறுத்துப் பேச மல்லிகா அங்கே இருக்கமாட்டாள்.