முன்வாசல் வழியாக வந்தவன்

சந்திரா அம்மா இறந்த செய்தி பந்தல்குடி டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் வாயால்தான் எனக்கு வந்தது. "அருப்புக்கோட்டையில அந்தக் கிறுக்கு டாக்டரு போய்ச் சேந்துருச்சாம்ல" என்றான். டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "ஏலே, அவுகன்னு சொல்லு." கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அவர் டாக்டர் இல்லை. மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேசி, வழி காட்டுகிறவர். எண்பதுகளின் கடைசியில் தெருவைப் பார்த்த ஒரு வீட்டில் 'மனநல ஆலோசனை' என்று போர்டு மாட்டி உட்கார்ந்தார். ஊர் அதற்கு வைத்த பெயர் கிறுக்காஸ்பத்திரி.

அந்தச் சமயத்தில்தான் டயர் வெடித்து என் லாரி கவிழ்ந்தது. உடன் வந்த மாத்து டிரைவர் ராமர் அங்கேயே இறந்துபோனான். எனக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வெடவெடவென்று நடுங்கும், சட்டை நனைந்துவிடும். குறி சொல்லும் கோடாங்கியைப் பார்த்தாயிற்று, கயிறும் கட்டியாயிற்று. எனக்கோ வேறு தொழில் தெரியாது. கடைசியில் யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாகப் போய் அம்மாவின் கொல்லைக் கதவைத் தட்டினேன்.

"என்ன பேசுறோம்ங்கிறது நமக்குள்ள. நீங்க வந்ததுல ஒளிக்க என்ன இருக்கு? சுத்தி முன்வாசலுக்கு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என்னவோ, சுற்றிக்கொண்டு போனேன். செம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றிருந்தார்.

"தெருவுல நாலு பேரு பாத்தாகளா?"

"பாத்தாக."

"பாத்துட்டுப் போறாக. பாதி வைத்தியம் முடிஞ்சுருச்சு, உக்காருங்க."

பயப்படாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பயம் அதுபாட்டுக்குப் பக்கத்துச் சீட்டுல வரட்டும், நீங்க ரோட்டப் பாருங்க" என்பார். முதலில் நிற்கிற வண்டியில் சும்மா உட்காரச் சொன்னார். அப்புறம் என்ஜினை மட்டும் போடச் சொன்னார். என் மாமா டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க வந்தபோது தடுக்கவில்லை. "நல்லா வைங்க. வச்சுட்டு வண்டிய எடுக்கணும், அம்புட்டுத்தான்."

ஒருநாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே கேபினில் ஏறிவிட்டார். பரளச்சி பக்கம், ராமர் இறந்த இடத்துக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி ஓவென்று அழுதேன். அழுது முடியும்வரை காத்திருந்தார். பிறகு, "கியரப் போடுங்க. எனக்கு வீட்டுல உலை வைக்கணும்" என்றார். போட்டேன். அந்தக் கைதான் இன்றுவரை என் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

துக்க வீட்டில் அவருடைய தம்பி வந்தவர்களிடமெல்லாம், "அக்காவ எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு என்றார் ஒருவர். சும்மா தெரியும் என்றார் இன்னொருவர். அடேயப்பா! செத்த பிறகும் அவருடைய கொல்லைக் கதவைத்தான் தட்டினார்கள். என் முறை வந்தது. "அவுககிட்ட வைத்தியம் பாத்தவன்யா நானு" என்று உரக்கவே சொன்னேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலரை அவர் வாசலில் பார்த்திருக்கிறேன். காட்டிக்கொடுக்க மாட்டேன், அம்மாவும் காட்டிக்கொடுத்ததில்லை. ஆனால் எவனாவது அவரைக் கிறுக்கு டாக்டர் என்றால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு டீ குடிக்காதீர்கள்.

இந்த அஞ்சலி நோட்டீஸை அச்சுப் போடுகிறவர் என் நல்லதுக்குத்தான் கேட்டார்: "பேருக்குப் பதிலா 'ஓர் அன்பர்'னு போட்ருவமா அண்ணாச்சி?" வேண்டாம். அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முன்வாசலைத்தான். பெயரும் ஊரும் பெரிய எழுத்திலேயே இருக்கட்டும்.

க. சோலைமலை,
லாரி டிரைவர், பந்தல்குடி.