ஊதிப் பார்த்தால் வெள்ளை

1. நீலப் பூனை

பெர்சியன் பூனை வளர்த்து விற்கும் அம்பிட்டிய பங்களாவில் பூனைகளுக்கு முடி சீவிவிடும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். "புளூ பூனையைக் கொண்டு வா" என்றார் பங்களாவின் எஜமானியான துரைசாணி. மஹய்யாவவில் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து மேடேறிப் போனவள் நான். நீலப் பூனையை எங்கே கண்டேன்? கூடை கூடையாகத் தேடினேன்.

"செல்லம்மா, இதுதான் புளூ!" என்று அவர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இது அடுப்புச் சாம்பல் நெறமுங்க அம்மா" என்றேன். முறைத்தார்.

பெர்சியன் பூனைகளின் நிறக்கணக்கே வேறு. வரி இருந்தால் டாபி. கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால் டார்ட்டஸ்ஷெல். அது அநேகமாகப் பொட்டைதான். ஸ்மோக்தான் பெரிய கள்ளன். பார்க்கக் கறுப்பு, முடியை எதிர்ப்பக்கமாக ஊதினால் அடியில் வெள்ளை. பிறந்த குட்டியில் அதுவும் தெரியாது. வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

2. கரியன்

எங்கள் ஸ்மோக் பூனை ஒரு முறை ஆறு குட்டி போட்டது. கடைசிக் குட்டி அட்டைக் கறுப்பு. மற்றவை நெருக்கியதில் அதற்குப் பால் கிடைக்கவில்லை. துணித் திரியைப் பாலில் நனைத்து நான்தான் ஊட்டினேன்.

"கறுப்பு எனக்கு வேணாம். பால் மறந்ததும் நீ கொண்டு போ" என்றார் துரைசாணி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கரியன் என்று பேர் வைத்தேன். வீட்டில் பழைய சேலையொன்றை மடித்து அவனுக்கு இடமும் போட்டுவிட்டேன்.

குட்டிகளுக்கு ஆறு வாரமாயிற்று. அந்தக் கிழமை சீவும்போது காதுக்குப் பின்னால், முடியின் வேரில் வெள்ளை. ஸ்மோக்! துரைசாணி கண்டால் தரமாட்டார். அந்த இடத்தைச் சீவாமலே விட்டேன். "இன்னும் ஒரு கெழமதான்டா கரியா" என்று அவன் காதில் சொன்னேன்.

3. என் வாய்

அந்தக் கிழமைதான் நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துத் துரைசாணி ஒருவர் குட்டி கேட்டு வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கரியனைக் காலால் ஒதுக்கி, "இது என்ன? சும்மா கறுப்பு. லயத்துப் பூனை!" என்று சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! நான் வளர்த்த பிள்ளையா சும்மா?

"கறுப்பாங்க? மத்த அஞ்சையும் விட இதுதாங்க நல்ல ஸ்மோக்கு! பாருங்க!" என்று அவனைத் தூக்கி நானே ஊதினேன்.

முடி பிரிந்தது. உள்ளே தேங்காய்ப்பூப் போல வெள்ளை. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அப்போதுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது.

"கெட்டிக்காரி செல்லம்மா" என்றார் எங்கள் துரைசாணி. "இவங்க இதைத்தான் கேக்கிறாங்க. உனக்கு வேற குட்டி தர்றேன்."

அன்று பின்னேர ரயில் கோச்சியில் கரியன் போனான். கூடை மூடியைக் கட்டியதும் நான்தான். உள்ளே இருந்து கத்திக்கொண்டே இருந்தான். வேறு குட்டி தந்தார்கள், நான் வாங்கவில்லை.

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்ததை எப்போது சொல்வது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். நான் முதலாவதை மட்டும்தான் கற்றேன். நாவலப்பிட்டிக் கோச்சி கூவினால் இன்றைக்கும் மனம் அவனைத் தேடுகிறது. கறுப்புப் பூனை எது எதிர்ப்பட்டாலும் குனிந்து முடியை ஊதிப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று: என் கரியனைச் சும்மா கறுப்பு என்று யாராவது திரும்பச் சொன்னால், அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டேன்.