லேபிள் இல்லாத துண்டு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் துண்டு கிடக்கிறது. ஒரு ஓரத்தில் ரம்பம் அறுத்த தடம், நடுவில் காபி டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டம். பிளாஸ்டிக்கோடு களிமண் கலந்து வார்த்த தகட்டின் மிச்சம் அது. தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நான் டெக்னீசியன். தகட்டைச் செய்தவள் அங்கே ஆய்வு மாணவியாக இருந்த ஒரு பெண். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் ஊர் தரங்கம்பாடிப் பக்கம். தாத்தா கூலிக்கு உழுத வயலில் ஒன்றரை மா நிலம் இப்போது அவள் அப்பாவுடையது. விலைக்கு வாங்கும் களிமண் எதற்கு, எங்கள் வயல் மண்ணே போதும் என்று உரச்சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வெறும் பிளாஸ்டிக் சூட்டில் சீக்கிரம் தொய்ந்துவிடும். அதற்குள் களிமண் மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து பரவினால் சூட்டைத் தாங்கும். கட்டி கட்டியாக நின்றால் தாங்காது. அவள் ஆராய்ச்சியே இதுதான். மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்து, கனமானது அடியில் தங்கியதும், மேலே கலங்கி நிற்கும் தண்ணீரை வேறு வாளிக்கு மாற்றி, அது தெளியும்போது படியும் நைசான மண்ணை மட்டும் எடுப்பாள். முதல் தடவை இரண்டு நாளாகியும் வாளி தெளியவில்லை. அலுத்துப்போனோம். ஆனால் வெறும் பிளாஸ்டிக் குழைந்துபோன சூட்டில் அந்தத் தகடு அசையாமல் நின்றது. அன்றைக்கு ஆய்வகம் முழுக்க அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தாள்.

சோதனைக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டுக்கு லேபிள் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றி வைப்பது என் வேலை. நான் செய்யவில்லை. டம்ளருக்கு அடியில் வைக்கத் தோதாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். என் மேசையில் அப்படி நாலைந்து கிடக்கும். அதில் ஒன்று தன்னுடையது என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து, அதேபோல் இன்னொரு தகடு செய்து காட்டச் சொன்னார்கள். அதே வயலில் எடுத்த மண். இந்த முறை ஒரு மணி நேரத்தில் வாளி தெளிந்துவிட்டது. "நம்ம அவசரம் மண்ணுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்கண்ணே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். தகடு ஓவனில் நெளிந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே.

முதல் முடிவே இட்டுக்கட்டியது என்றார் துறைத்தலைவர். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, "முதல் தகட்டோட மிச்சத் துண்டு இருக்கா?" என்று கேட்டார். இருந்தால் அங்கேயே சூடேற்றிப் பார்த்திருப்பார். அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு ஒப்பந்த வேலை, வருடா வருடம் அவர் கையெழுத்து வேண்டும். பதிவேட்டில் ஏற்றாதது தெரிந்தால் அன்றோடு சரி. "இல்லைங்க சார், தூக்கிப் போட்டாச்சு" என்றேன்.

அவள் ஆய்வுப் பதிவை ரத்து செய்தார்கள். சாமான்களை எடுக்க அவள் அப்பா மட்டும் வந்தார். மிச்ச மண் இருந்த சாக்கைப் பிரித்து ஒரு பிடி எடுத்துக் கசக்கினார். "இத வச்சா செஞ்சுச்சு? ரெண்டு வருசமா ஆத்துத் தண்ணி வந்து சேரலைங்க. போர் தண்ணிதான் பாய்ச்சுனோம். உப்பு ஏறிப்போச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

வாளி ஏன் அவ்வளவு சீக்கிரம் தெளிந்தது என்று அப்போதுதான் உறைத்தது. உப்பு ஏறிய களிமண் பிரியாது, திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். அந்தக் கட்டிதான் தகட்டுக்குள் போயிருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. துறைத்தலைவர் அறை இருபது அடி தூரம். துண்டை எடுத்துக்கொண்டு இந்த மனிதரையும் அங்கே கூட்டிப் போயிருந்தால் போதும். நான் சாக்கைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு வந்தேன்.

அவள் சீர்காழியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. என் வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்தத் துறைத்தலைவரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இப்போது நான் பயப்பட ஆளே இல்லை. சில நாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் துண்டை ஓவனில் வைத்துப் பார்க்கிறேன். வளைந்தால் தேவலை என்றுகூட இருக்கிறது. வளைய மாட்டேன் என்கிறது.

போன வாரம் புதிதாக வந்த உதவிப் பேராசிரியை அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "லேபிளே இல்லையே, இது யாரோட சாம்பிள்ங்க?"

"தெரியலைங்க மேடம்" என்றேன்.

அவர் அதைக் குப்பைக்கூடையில் போட்டார். அவர் போனதும் எடுத்துத் துடைத்து மறுபடி இழுப்பறையில் வைத்தேன். லேபிளும் பேனாவும் அதே இழுப்பறையில்தான் இருக்கின்றன.