அண்ணையின் இரண்டு "இல்லை"

அண்ணைக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு, கிழமைக்கு இரண்டு தரம் அவரை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பாயிற்று. சண்டிலிப்பாயில் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தவர் அவர். கல்யாணம் கட்டவில்லை. நான் அடுத்த வளவு வீட்டில் இருக்கிறேன்.

தொடங்குமுன் இரத்தம் சோதித்தார்கள். ஈரலைத் தாக்கும் 'ஹெபடைடிஸ் பி' கிருமி உடம்பில் இருக்கிறதா என்று ஒரு சோதனை, அதைத் தடுக்கும் சக்தி இருக்கிறதா என்று இன்னொன்று. இரண்டிலும் 'நெகட்டிவ்'. அண்ணை சந்தோசமாக எழும்பிவிட்டார். இளம் டொக்டர் அவரைத் திரும்ப இருக்கச் சொன்னார்.

"ஐயா, முதலாவது 'இல்லை' நல்லது. கிருமி இல்லை. ரெண்டாவது 'இல்லை' நல்லதில்லை. கிருமி வந்தால் மறிக்க உங்கடை உடம்பிலை ஆளில்லை."

"அப்ப ஆளைச் சேர்ப்பம்," என்றார் அண்ணை.

தடுப்பூசி தொடங்கியது. சிறுநீரக நோயாளிகளின் உடம்பு மெதுவாகத்தான் பதில் சொல்லுமாம். அதனால் மற்றவர்களுக்குப் போடுவதைவிடக் கூடின அளவு. சுத்திகரிப்புக்காக இடக்கையில் இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தபடியால், ஊசி எப்போதும் வலத்தோளில். பக்கத்துக் கட்டிலில் தொண்டைமானாற்றுக் கடற்றொழிலாளி ஒருவர். அவருக்கும் அதே ஊசி. உப்பைத் தள்ளச் சொல்லப்பட்ட இருவரும் மணிக்கணக்காகக் கணவாய்க் கறியையும் ஒடியல் கூழையும் பற்றிக் கதைப்பார்கள்.

கடைசி ஊசி போட்டு ஒரு மாதத்துக்குப் பிறகு இரத்தம் எடுத்தார்கள். தடுக்கும் சக்தியின் அளவு பத்துக்கு மேலே வந்தால்தான் பாதுகாப்பு என்று கணக்கு. கடற்றொழிலாளிக்கு அதைத் தாண்டிப் போயிருந்தது. அண்ணைக்கு மூன்று.

ஓட்டோவில் திரும்பினோம். மானிப்பாய் தாண்டியதும் அண்ணை சொன்னார்.

"என்ரை உடம்புக்கே என்னிலை விருப்பமில்லைப் போலை."

அவரது இடக்கையை மெல்லப் பிடித்துக்கொண்டேன். தோலுக்குக் கீழே இரத்தம் இரைந்து ஓடுவது என் விரல்களில் அதிர்ந்தது.

அது அவர் பிழை இல்லை, சிலருக்கு இப்படித்தான், முழுவதையும் இன்னொரு முறை போடலாம் என்றார் டொக்டர். அண்ணைக்கு மனமில்லை. கடற்றொழிலாளிதான் விடவில்லை. ஒருநாள் வலையில் மீன் படாவிட்டால் கடலுக்குப் போகாமல் விடுகிறோமா என்று கேட்டுக் கேட்டு அவரைச் சம்மதிக்க வைத்தார்.

இரண்டாம் முறை இருபத்தாறு வந்தது. அண்ணையைவிட அந்த மனிதருக்குத்தான் புளுகம். சந்தோசத்தில் வாட்டில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். இந்த அளவு காலப்போக்கில் இறங்கக்கூடும், வருசா வருசம் பார்த்து, பத்துக்குக் கீழே போனால் இன்னுமொரு ஊசி போடவேண்டும் என்றார் டொக்டர். அண்ணை தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எத்தினை?"

நான் சோதித்ததே இல்லை. இப்போது ஊரில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கைக்குழந்தையிலேயே போடுகிறார்கள். எங்கள் வயதுக்காரருக்கு அந்த ஊசி இருக்கவில்லை. அதைவிட, ஊசியைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். இதைச் சொன்னதும், கிழமைக்கு இரண்டு தரம் தடித்த ஊசி குத்தப்படுகிற மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

சுத்திகரிப்பு இல்லாத நாளொன்றில், தோய்த்த வேட்டி கட்டி, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் இரத்தச் சோதனை: அவருக்கு வந்தது போலவே இரண்டு 'இல்லை'. ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் நின்றார். தாதி மருந்தை எடுக்கும்போது, "அங்காலை பார்," என்று என் முகத்தைத் திருப்பி, பாத்தியில் வெங்காயம் அழுகுவதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு முதல் சுற்றிலேயே நூற்றுக்கு மேலே வந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவரே ரிப்போட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கிருமி இல்லை என்பதையும் சக்தி இருக்கிறது என்பதையும் விரல் வைத்துப் பார்த்தார்.

"ஓம், இனிப் பயமில்லை," என்றார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டேன். அவருக்கு ஒருநாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு உண்டு. அன்று அதில் பாதியை இன்னொரு கோப்பையில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். எனக்கு வேறாகத் தேத்தண்ணி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வாங்கிக் குடித்தேன்.