பதினேழாம் பிரிவை வாசித்த மதியம்

ஜன்னல் வழியே முதலில் உள்ளே வந்தது பைக்குகளின் புகைதான். அது அடங்குவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிய ஏழெட்டுப் பேர் எங்கள் பத்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் என் சித்தப்பா.

சமணர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில், காலனிப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்குள் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மறந்தால் ஏதாவது ஒரு வாசலிலிருந்து "எறங்கு" என்ற அதட்டல் வரும். முந்தைய நாள் குடிமையியல் வகுப்பில், வில்லாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் மல்லிகா டீச்சர், தீண்டாமை எந்த வடிவில் இருந்தாலும் குற்றம் என்று அரசியலமைப்பின் பதினேழாம் பிரிவை விளக்கிக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் உட்காரும் காலனிப் பிள்ளை செல்வி எழுந்து, "சைக்கிள விட்டு எறங்கச் சொல்றதும் அதுல வருமா டீச்சர்?" என்று கேட்டாள். "வரும்" என்றார் டீச்சர். அன்று சாயங்காலம், தன் அக்காளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிளில், எங்கள் தெரு நெடுக இறங்காமலே போனாள் செல்வி.

"எங்க பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறீக?" என்றார் சித்தப்பா. டீச்சர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். பின்னாலேயே ஓடிவந்த தலைமையாசிரியர், "ஒரு மன்னிப்புக் கேட்டுருங்கம்மா, முடிஞ்சிரும்" என்று கெஞ்சினார்.

"நான் பாடத்தத்தான் சார் நடத்துனேன்."

சித்தப்பாவின் கண் என்மேல் வந்து நின்றது. "ஏத்தா, நீ சொல்லு. டீச்சரு என்ன சொன்னாக?"

அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பதும், மாற்றிச் சொன்னால் என் படிப்பை அன்றோடு நிறுத்திவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெஞ்சுக்கு அடியில் செல்வி என் கையைப் பிடித்திருந்தாள். எழுந்து, புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியை வாசித்தேன். குரல் உடைந்து நான் நின்றுபோன இடத்திலிருந்து செல்வி எழுந்து வாசித்தாள்.

"இம்புட்டுத்தான் சித்தப்பா. டீச்சர் இதத்தான் சொன்னாங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பினார், பைக்குகள் கிளம்பின.

வீட்டில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பா இரண்டு நாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மூன்றாம் நாள், என்ன நினைத்தாரோ, அவரே கொண்டுவந்து விட்டார். டீச்சர் அந்த ஆண்டோடு மாற்றலாகிப் போனார். செல்வி கொஞ்ச நாள் அவள் அப்பா துணைக்கு வர, பயந்து பயந்துதான் அந்தத் தெருவைக் கடந்தாள், ஆனால் இறங்கவில்லை.

இப்போது அங்கே யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. அப்படியொரு வழக்கம் இருந்ததாகச் சொன்னால் என் மகள் நம்புவதுமில்லை. சித்தப்பா போன தை மாதம் காலமானார். சாகும்வரை என்னோடு பேசவில்லை.